பாதி கறுத்த விரிசல்

— இன்னா ஏசு, காலைலேர்ந்து இரும்பு தேய்க்கிற கிரைண்டர கையில வச்சிக்கினு குந்திகினு கீற. சுவிட்ச்ச போடவே மாட்டன்றியே. கரண்ட் கீதுபா, தபாரு, ஃபேன் சுத்துது.

— தெரியும் யக்கா.

— தெரிஞ்சா போடு. நான் கரிய ஒடச்சி ரெடி பண்ட்டேன். நீ அந்த விரிசல தேச்சி எடுத்தாதான் சுத்தி செங்கல்ல அடுக்கி, தீ போட்டு சூடாக்கி வெல்டு வைக்க முடியும். ஞாயித்துக்கெழமைன்னு ஷெட்டுல வேற ஆளே கெடையாது. இந்த அம்சவல்லி ஒருத்தி இன்னாத்த பண்ணுவா?

— செத்த இருங்க.

— செத்த, செத்த! வந்த புதுசுல நீ இப்டி சொல்லசொல்ல, எவன் செத்தான்னு எனக்கு தூக்கி வாரிப் போடும்.

— ம்.

— சிரிக்கவாவது சிரியேன்பா. மூஞ்சிய பாரு, செவுரு மாதிரி கீது.

— யக்கா, இந்த சிலிண்டர கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க.

— இத்த பாக்காமயா? வண்டிலேர்ந்து கழட்டி, செயின்ல தூக்கி, இங்க எறக்குனதே நானும் நீயும்தான. வெள்ளக்காரன் காலத்து ரயில் இன்ஜினு, கரி போட்டு ஓட்றது. எம் புள்ள எழிலரசன் இத்த வச்சிகீற கம்பெனி லைன்லதான நிக்கிறான், எல்லாம் சொல்லுவான். கம்பெனி தோட்டத்துல தண்டவாளம் போட்டு வச்சிகீறாங்களாம். வருசத்துல ஒரு நாளு ஃபேமிலி டே. அன்னிக்கி வேல செய்றவங்க பொண்டாட்டி புள்ளைங்கள ஒக்கார வச்சி ரவுண்டு அடிப்பாங்களாம். போன வருசம் அப்டி கிளப்பசொல்லதான் வெடிச்சிது. சிலிண்டர் மூடி பிச்சிகினு போயி, பக்கத்துல நின்ன ஒரு காண்ட்ராக்ட் பையன் மேல அடிச்சி, அவன் அங்கியே போய்ட்டான்.

— அந்தப் பய என்ன தப்பு பண்ணுனாம்னு சொன்னான் ஒங்க எழிலு?

— அது ஊருக்கே தெரியுமே. சிலிண்டருக்கு அடியில ஒரு கொழா கீதாம். வண்டி கிளம்பறதுக்கு மின்ன அத்த தொறந்து, உள்ள தேங்கின தண்ணிய வெளிய வுடணுமாம். பையன் மறந்துட்டான். தண்ணிக்குப் போக்கு இல்ல, பிஸ்டன் வந்து இடிச்சிது, பொளந்துகிச்சி. கொஞ்சம் உசாரா இருந்திருந்தா அவனும் பொழச்சிருப்பான், இன்ஜினும் பொழச்சிருக்கும்.

— விரிசல பாருங்க. மேல பாதி எப்படி இருக்கு?

— சாம்பக் கலரா கீது. லேசா செவப்பா துரு புடிச்சி கீது.

— அது அன்னைக்கி ஒடஞ்சது. அதுக்குக் கீழ?

— கீழ கன்னங்கரேல்னு கீது. இது இன்னாது, மாவாட்டம் வெள்ளையா?

— பட்டி.

— பட்டின்னா? கார்ல நெளிசலு எடுத்துட்டு பூசுவாங்களே, அதுவா?

— அதேதாம். அதுக்கு மேல பச்ச பெயின்ட். விரிசலுக்குள்ள வரைக்கும் பெயின்ட் எறங்கிருக்கு பாருங்க. அன்னைக்கி வெடிச்சதுக்குள்ள எப்படி பெயின்ட் போவும்?

— அப்டின்னா... மின்னாடியே விரிசல் வுட்டுகினு கெடந்துதா?

— ரொம்ப காலமா. பாதிக்குப் பாதி சிலிண்டர் செவுரே கெடையாது. எவனோ பட்டி அடச்சு, பெயின்ட் அடிச்சு, வண்டி ரெடின்னு நிப்பாட்டிருக்கான். கொழாய தொறந்தாலும் தொறக்காட்டியும், ஆவி ஏறுனா அது போவத்தான் செய்யும்.

— அடப்பாவிங்களா! செத்தவன் மேல பழிய போட்டு வச்சிகீறானுங்களே. எந்த ஊரு புள்ளையோ.

— சாத்தான்குளத்துப் பக்கம்.

— ஒங்க ஊர் சைடா? ஒனக்குத் தெரிஞ்ச பையனா?

— மகாராஜா. எந் தம்பி.

— இன்னா சொல்ற நீ?

— கூடப் பொறந்தவன் யக்கா.

— போன வருசம் ஊருக்குப் போனியே... தம்பி ஆக்சிடென்ட்ல போய்ட்டான்னு. நாங்கல்லாம் பைக்குன்னு நெனச்சோம். இருங்காட்டுக்கோட்டையாண்ட லாரி இட்ச்சிட்டுதுன்னு நாங்களே பேசிகினோம்.

— நீங்களா நெனச்சீய. நான் ஆக்சிடென்ட்னு மட்டுந்தாம் சொன்னேன்.

— எதுக்குயா மறச்ச?

— மறைக்கல. யாரும் திருப்பிக் கேக்கல, நானும் சொல்லல.

— ஐயோ, நானே இப்ப ஒம் மூஞ்சிக்கு எதுர்ல அந்தப் புள்ளைய உசாரு இல்லாதவன்னு...

— எல்லாரும்தான் சொல்லுதாவ. டீக்கடையில சொன்னாவ, பஸ்ல சொன்னாவ. கேட்டுக் கேட்டு காது மரத்துப் போச்சு. நீங்க சொன்னது உறைக்கவே இல்ல.

— அழுதியா நீ? அன்னிக்காவது?

— வரல. பெட்டியத் தூக்கும்போதுகூட, கயிறு நல்லா கட்டிருக்கான்னுதாம் பாத்துட்டு இருந்தேன்.

— குந்து. கிரைண்டர கீழ வையி. தண்ணி குடி.

— அவன் மறக்க மாட்டான் யக்கா. போன் பண்ணுனாலே அந்தக் கொழாய் கததாம். "அண்ணே, தொறந்ததும் பூன சீறுன மாதிரி சீறும், வெள்ளையா பொக வந்து முட்டி வரைக்கும் நனஞ்சிரும்"பான். சின்னப் புள்ளையில சர்பத்து வாங்கிக் குடுத்தா எப்படி சொல்லுவானோ அப்படி. அவனா மறப்பான்?

— அப்ப சொல்லுயா! ஓனருக்குப் போன் போடு. போலீஸ்ல சொல்லு. இத்த அப்டியே போட்டு வையி, ஒருத்தனும் கை வைக்கக் கூடாது... தோ, ஒம் போன்தான் அடிக்குது. யாரு?

— நம்பிராஜன் அண்ணாச்சி. ஓனரு.

— எடு, எடு. சொல்லு.

— சொல்லுங்க அண்ணாச்சி. ம்... இல்ல, இன்னும் தீ போடல. ம்... இன்னைக்கி வெல்டு முடிஞ்சிரும். சாம்பலப் போட்டு மூடிருவோம். வார்ப்பு இரும்புல்லா, பையதாம் ஆறணும், அவசரப்பட்டா திரும்ப விரியும். ம்... ஆமா, பச்ச பெயின்ட்தாம். சரி அண்ணாச்சி. வச்சிருதேன்.

— வச்சிட்டியா? ஒண்ணுமே சொல்லாம வச்சிட்டியா?

— என்னத்த சொல்ல?

— ஒந் தம்பின்னு தெரியுமா அவருக்கு?

— தெரியாது. விரிசல் பழசுன்னும் தெரியாது. பாத்தது நான், நீங்க, பூமாரி.

— பூமாரி யாரு?

— மகாராஜா பொண்டாட்டி. சுங்குவார்சத்திரத்துல ரூம் எடுத்து இருக்கா. நேத்து இதக் கண்டதும் போன்ல படம் புடிச்சேன். நேரா அவகிட்டதாம் கொண்டு போனேன்.

— பாத்துட்டு கத்துச்சா அந்தப் பொண்ணு?

— இல்ல. ரொம்ப நேரம் பாத்தா. பெருசாக்கிப் பாத்தா. பொறவு, "அத்தான், இது வெளிய தெரிஞ்சா என்னய வேலைய விட்டு நிப்பாட்டிருவாவளா"ன்னு கேட்டா.

— எந்த வேல?

— அதே கம்பெனி கேன்டீன்தாம். அவன் போனப்பொறவு அவியளே கூப்ட்டு குடுத்தாவ. மவளுக்கு ஸ்கூல் சீட்டும் அவியதாம் வாங்கிக் குடுத்தாவ. ஒண்ணாங் கிளாஸ்.

— நீ இன்னா சொன்ன?

— நிப்பாட்டிருவாவன்னு சொன்னேன். பொய் சொல்ல முடியாதுல்லா.

— அப்பால?

— எங் கையில இருந்து போன வாங்குனா. படத்த அழிச்சா. திருப்பிக் குடுத்துட்டு, "அத்தான், இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டா"ன்னு கேட்டா.

— நீ?

— ஊத்துன்னேன். நல்லா சாப்ட்டேன் யக்கா. அதுதாம் எனக்கே புரியல. மீன் கொழம்பு. முள்ள எடுத்து எடுத்து, நிதானமா, நல்லா சாப்ட்டேன்.

— அது சின்னப் பொண்ணு, பயந்துட்டுது. வுடு. நான் எடுக்கறேன் படம். எம் போன்லயும் கேமரா கீது. நானே எடுத்தும்போய் காட்டறேன். எனக்கு யாரு இன்னா பண்ணிடுவான்? இந்த கம்பெனிங்களுக்கு எங்க நெலத்த குடுத்துட்டுத்தான இங்க கரி ஒடச்சிகினு கீறேன், இதுக்கு மேல இன்னாத்த புடுங்குவானுங்க?

— எழிலு அங்க காண்ட்ராக்ட்லதாம் இருக்கானா?

— ...ஆமா.

— பர்மனென்ட் ஆக்குதோம்னு சொல்லிருக்காவல்லா?

— பொங்கலுக்கு அப்பால பாக்கலாம்னாங்களாம்.

— எடுங்க யக்கா. நான் வேண்டாம்னு சொல்லல. வெளிச்சம் இந்தப் பக்கந்தாம் நல்லா விழுது.

— இரு, தோ...

— எடுக்கலையா?

— சார்ஜ் இல்ல ஏசு.

— சரி யக்கா.

— நீ வேணா திரும்ப ஒன்னோட போன்ல...

— கண்ணாடியக் குடுங்க. தள்ளி நில்லுங்க, பொறி தெறிக்கும்.

— ஏசு, ஒரு நிமிசம் இரு. சார்ஜ் கீது. பொய் சொன்னேன்.

— தெரியும்.

— ஒத்தப் புள்ளடா எனக்கு.

— தெரியும் யக்கா. தள்ளி நில்லுங்க, சுவிட்ச போடுதேன்.

— பட்டி போச்சா?

— போச்சு.

— அந்தக் கறுப்பு?

— கொஞ்சம் கெடக்கு. கறுப்ப விட்டா வெல்டு புடிக்காது. அடி வரைக்கும் எடுக்கணும்.

— எடு. எடுத்து முடி.

— இப்ப பாருங்க.

— எல்லாம் ஒரே வெள்ளையா கீது. எது மின்ன ஒடஞ்சிது, எது பின்ன ஒடஞ்சிதுன்னே தெரியல.

— இனிமே யாருக்கும் தெரியாது.

— அவ்ளோதானா?

— அவ்வளவுதாம். செங்கல்ல அடுக்குங்க. தீய பைய ஏத்தணும், ஒரே பக்கமா சூடு ஏறுனா கோணிக்கிடும்.

— எங் கை நடுங்குதுபா. ஒனக்கு எப்டி நடுங்கல?

— நடுங்குனா நல்லாத்தாம் இருக்கும்.

— ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. ஒரகடத்துல இத்தினி ஷெட்டு கீது. இந்த இன்ஜினு வந்து எறங்குன அன்னிக்கே, என்னால முடியாதுன்னு போயிருக்கலாமே நீ. ஒந் தம்பிய அடிச்ச சாமானம். அத்த ஒங் கையாலயா நேராக்கணும்?

— அன்னைக்கி ஒண்ணும் தோணல. வேலன்னாவ, கை பாட்டுக்கு செஞ்சுது. நேத்து விரிசலக் கண்டப்பொறவுதாம், தொடவே கூடாதுன்னு நெனச்சேன். அப்படியே போட்டுட்டு ஊருக்குப் போயிருவோம்னுதாம் பூமாரி ரூமுக்கே போனேன்.

— போயிருந்தா வேற எவனாவது செஞ்சிருப்பான்.

— திரும்பவும் பட்டி பூசிருப்பான்.

— பூசட்டுமே! மறுபடி வெடிக்கட்டும். அப்பதான் தெரியும் ஊருக்கு, யாரு மேல தப்புன்னு.

— நானும் அதேதாம் நெனச்சேன் யக்கா. சோத்துல கைய வைக்க வரைக்கும் அதேதாம் நெனச்சேன்.

— அப்பால இன்னா ஆச்சி?

— மகாராஜா மவ புதுக் கவுன் போட்டுட்டு எம் முன்னால வந்து நின்னா. கம்பெனில குடுத்ததாம். அடுத்து வார ஃபேமிலி டேக்கு, அப்பா நின்ன எடத்துல நின்னு, அவதாம் கொடி காட்டி இந்த வண்டிய எடுத்து விடப் போறாளாம்.