ராஜாவின் வலது கண்

தரையில் உறைந்த மெழுகைச் சுரண்டப் பொறுமை வேண்டும், சாமி. கத்தியைச் சாய்த்துப் பிடிக்காவிட்டால் கல்லில் கீறல் விழும். இந்த மடத்துக் கோயிலில் பதினேழு வருஷமாக அந்த வேலையைச் செய்கிறேன். ஒரு கீறல் கிடையாது. சுவர் ஓவியத்தில் ராஜாவின் கண்களைத் தோண்டியது யார் என்று விசாரிக்கிறீர்களாம். வெளியூர் ஆட்டுக்காரனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவன் பாவம், ஒன்றும் அறியாதவன். நான்தான் எடுத்தேன்.

நம் செர்பிய ராஜாக்களில் பலர் செத்தபின் புனிதர்களாகிவிட்டார்கள். இவரும் அப்படித்தான். தான் கட்டிய கோயிலைக் குட்டியாகக் கையில் ஏந்திக்கொண்டு, தூண் மறைவில், புகை படிந்த மூலையில் நிற்கிறார். விளக்கேற்றுகிற என்னைத் தவிர யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆனால் அவர் கண்ணிலுள்ள சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டித் தீர்த்தத்தில் கரைத்துக் கண்ணில் விட்டால் பார்வை வரும் என்று நம் பெண்களுக்கு நம்பிக்கை. "ராதோன்யா, நகத்தளவு குடுய்யா, புண்ணியமாப் போகும்" என்பார்கள். "ராஜாவைக் குருடாக்கிட்டு உங்களுக்குப் பார்வை கேக்குதா? போங்கம்மா" என்று விரட்டியவன் நான். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன இலையுதிர் காலத்தில் என் மகள் ரொசாந்தாவுக்கு அம்மை போட்டது. ஒன்பது வயசு, தாயில்லாப் பிள்ளை. உயிர் தப்பினாள், ஆனால் இடது கண்ணில் பாலாடை போல வெள்ளை படிந்துவிட்டது. வெளிச்சம் தெரிந்தது, விரலை எண்ணத் தெரியவில்லை. ராஜாவின் திருநாளன்று பூசை முடிந்து எல்லோரும் வெளியே தேன் கலந்த கோதுமை தின்றுகொண்டிருந்தார்கள். நான் ஏணி போட்டு அவருடைய இடது கண்ணைச் சுரண்டினேன்.

"அப்பா, எரியுதுப்பா. கழுவி விட்ருப்பா."

"எரியட்டும்டா தங்கம். ராஜா உள்ள வேலை பாக்குறாரு."

கைகளைப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். மூன்று நாள், மூன்று வேளை. அவள் கதறியதை மருந்தின் வீரியம் என்று எடுத்துக்கொண்டேன். நாலாம் நாள் அந்தக் கண் அவித்த முட்டையாக வெளுத்திருந்தது. இருந்த வெளிச்சமும் போய்விட்டது. பிளம் மரத்தடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

"அம்மை தின்னுடுச்சு. நீ என்ன பண்ணுவே, அண்ணே?" என்றாள் பக்கத்து வீட்டு ஸ்தமேனா. நானும் தலையாட்டினேன். ரொசாந்தா மீதியிருந்த வலது கண்ணால் என்னைப் பார்த்தாள். சாப்பிடும்போது பார்த்தாள், கம்பளி நூல் சுற்றும்போது நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, சும்மா பார்த்தாள். கோயிலுக்கு வந்தால் ராஜாவும் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டே விளக்குக்கு எண்ணெய் ஊற்றினேன்.

ஒரு கண்ணில் வந்த கேடு மறு கண்ணுக்குத் தாவும் என்று எல்லோரும் சொல்வதுதானே. வருமுன் காப்பது தகப்பன் கடமை. மறுபடியும் ஏணி போட்டு ராஜாவின் வலது கண்ணையும் சுரண்டினேன்.

இந்த முறை அவள் கழுவச் சொல்லவில்லை. "இந்தக் கண்ணு நல்லாத்தானேப்பா இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"அதனாலதான்டா" என்றேன்.

இப்போது என் இடுப்புவாரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். தலை வாரிவிடுகிறேன், பழத்தில் கொட்டை எடுத்துக் கொடுக்கிறேன். இப்படி ஒரு தகப்பன் உண்டா என்று ஊர் மெச்சுகிறது. ஈஸ்டருக்குச் சுவர் கழுவியபோது ராஜாவுக்குக் கண் இல்லாததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஓவியனை வரவழைத்துப் புதுக் கண் எழுதப்போவதாக நேற்று அறிவித்தீர்கள். "ராஜாவுக்காவது கண்ணு வருதேப்பா" என்று அவள் சந்தோஷப்பட்டாள். அதற்குமேல் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை.

ஆட்டுக்காரனை விட்டுவிடுங்கள். வருமுன் காப்பது என்று சொன்னேனே, அதையும் விட்டுவிடுங்கள். அவள் வலது கண்ணில் நோயே இல்லை, சாமி. மொராவா ஆற்றுக்கு அக்கரையில் மேயும் ஆடுகளை எண்ணிச் சொல்லுவாள். அந்தக் கண் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது, அதனால்தான் அவித்தேன்.