இடது பொத்தான்

என் பேச்சு நீண்டுவிடுமோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட கடைத்தெருச் சங்கத் தலைவரும் விழாத் தலைவருமான நிஷியோகா அவர்களே! முதல் வரிசையை அலங்கரிக்கும் எங்கள் ஹினோகி நிறுவனத்துப் பெருமக்களே! இரண்டாம் வரிசையில் அமர்ந்து, முதல் வரிசையைப் பார்க்காதது போலவே பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் போட்டியாளர், ஷிரானே நிறுவனத்துப் பெருந்தகைகளே! பிள்ளை கேட்ட விளையாட்டுக் கருவியை விட்டுவிட்டுப் போட்டிக் கருவியை வாங்கிப்போய், பெற்ற பிள்ளையிடமே திட்டு வாங்கிய தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் குசுமி ஃபுமியேயின் வணக்கம்.

காமோ ஆற்றின் இக்கரையில் நாங்கள், அக்கரையில் அவர்கள். கையடக்க விளையாட்டுக் கருவிதான் இரு கரைக்கும் சோறு. அவர்கள் திரையைப் பெருக்கினால் நாங்கள் எடையைக் குறைப்போம். நாங்கள் விலையைக் குறைத்தால் அவர்கள் வேகத்தைக் கூட்டுவார்கள். அவர்களுடைய புதுக் கருவி நேற்று வந்துவிட்டது. எங்களுடையது நாளை மறுநாள் வருகிறது.

பின்வரிசையில் யாரோ கேட்கிறீர்கள்: "எதை வாங்கணும்னு சொல்லிட்டுப் போங்கக்கா!"

தம்பி, என் முன்னால் இருக்கும் இரண்டு வரிசைகளையும் பாருங்கள். எதைச் சொன்னாலும் விருந்தில் எனக்குச் சாப்பாடு கிடைக்காது! நான் வேறொன்று சொல்ல வந்திருக்கிறேன்.

ஹமாஜி தொயோகோ என் பள்ளித் தோழி. பதினைந்து வயதில், பள்ளியின் சைக்கிள் கொட்டகைக் கதவை அவள் இழுத்துச் சாத்தினாள். கதவிடுக்கில் என் இடது கட்டை விரல் இருந்தது.

"அங்க ஏண்டி கைய வச்ச?" என்று அவள் கதறினாள்.

"நசுங்கினது என் விரல். நீ ஏண்டி ஊரைக் கூட்டுற?" என்றேன் நான்.

எலும்பு கூடிற்று, வலு கூடவில்லை. இடப்பக்கம் சாய்த்து அழுத்தினால் இன்றும் வலிக்கும். அந்த விரலோடு நான் ஹினோகியில் பொத்தான் பிரிவில் சேர்ந்தேன். அதே மாதம் அவள் ஷிரானேயில் பொத்தான் பிரிவில் சேர்ந்தாள். போட்டி நிறுவனத்தாரோடு பேச்சில்லை, கடிதமில்லை என்று இருவரும் அவரவர் நிறுவனத்தில் கையெழுத்துப் போட்டோம்.

பாலத்தில் நின்று அவள் சொன்னாள்: "ரெண்டு வருஷம்தாண்டி. ரெண்டுல ஒரு கம்பெனி படுத்துடும். அப்புறம் பேசிக்கலாம்."

படுத்ததா? அவர்களும் தோற்கவில்லை, நாங்களும் தோற்கவில்லை. தோற்றது நானும் அவளும்தான். முப்பத்தெட்டு ஆண்டுகள்!

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. போட்டியாளரின் கருவி வெளிவரும் காலையில், சாதாரண உடையில் பிள்ளைகளோடு பிள்ளைகளாக வரிசையில் நின்று வாங்குவோம். வெள்ளைத் துணி விரித்துத் திருகாணி திருகாணியாகப் பிரிப்போம். நான்காம் ஆண்டில் அவர்களுடைய கருவி என் கைக்கு வந்தது. மேல், கீழ், வலது எல்லாம் அழுத்தமாக இருந்தன. இடது பொத்தான் மட்டும் மெத்தென்று இறங்கிற்று, சத்தமே எழவில்லை.

"என்னம்மா, அவங்களுக்குப் பொத்தானுக்கு அடியில வைக்கிற ரப்பர் தீந்துபோச்சா?" என்றார் அன்றைய எங்கள் பிரிவுத் தலைவர். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அறிக்கையில் எழுதினேன்: "இடது பொத்தான் தளர்வு. குறை." எங்கள் விளம்பரம் அதையே ஊரெங்கும் முழங்கிற்று. மறு ஆண்டு அவர்களுடைய இடது பொத்தானும் இறுகி வந்தது.

அந்தப் புதுக் கருவியின் இடது பொத்தானை வீடு திரும்பும் ரயிலில் அழுத்திப் பார்த்தபோது என் விரல் வலித்தது. அப்போதுதான் உறைத்தது எனக்கு. முந்தைய கருவியை ஓராண்டு முழுக்கச் சோதித்தேனே, ஒரு நாளாவது வலித்ததா? நாடெங்கும் பிள்ளைகள் விளையாடிய கருவிக்குள், என் ஒற்றை விரலுக்காக ஒருத்தி மன்னிப்பு வைத்திருந்தாள்! பிரிப்பவள் நானாகத்தான் இருப்பேன் என்று அறிந்து வைத்திருந்தாள்! அதையா குறை என்றேன்? அந்த அன்பையா தளர்வு என்றேன்? அதன் கீழேயா என் கையெழுத்தைப் போட்டேன்?

ஒருமுறை எங்கள் கருவி வெளிவந்த காலையில், வரிசையில் அவள் நின்றாள். கடை வாசலில் நான் நின்றேன். முன்பின் தெரியாதவர்களைப் போல இருவரும் குனிந்து வணங்கினோம். அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த முதுகு தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா என்று இன்றுவரை ஏங்குகிறேன் ஐயா!

முதல் வரிசையில் நிறுத்தச் சொல்லிக் கையசைக்கிறார்கள். வேண்டாம் ஐயா. இன்று நண்பகலோடு நான் ஓய்வு பெற்றேன். பேச்சில்லை என்று போட்ட அந்தக் கையெழுத்தும் ஓய்வு பெற்றது.

இப்போதெல்லாம் வரிசை இல்லை, வாங்குவோரைக் குலுக்கலில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இதோ, நேற்று குலுக்கலில் பெயர் விழுந்து நான் வாங்கிய ஷிரானேயின் புதுக் கருவி. வாழ்நாளில் முதன்முறையாக ஒரு போட்டிக் கருவியைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். ஒரு பொத்தானையும் அழுத்தவில்லை. அஞ்சினேன். உங்கள் முன்னால் அழுத்துகிறேன். ஒலிவாங்கியருகே பிடிக்கிறேன், கேளுங்கள்.

மேல்: டிக். வலது: டிக். கீழ்: டிக்.

இடது...

"ஒண்ணும் கேக்கலியேம்மா!" என்கிறீர்கள் பின்வரிசையிலிருந்து. ஒலிபெருக்கியில் பழுதில்லை ஐயா. கேட்காது. கேட்காதபடிதான் செய்திருக்கிறாள்.

ஷிரானே பெரியவர்களே, ஒன்று கேட்கிறேன். இந்தப் பொத்தானுக்குப் பொறுப்பு யார்? எழுந்து நிற்கும் பெரியவரே, சற்று உரக்கச் சொல்லுங்கள்.

"ஹமாஜிதாங்க. இந்த ஒரு பொத்தான மாத்துனா வேலைய விட்டுடுவேன்னு பிடிவாதமா நின்னாங்க. இப்பவும் ஆபீஸ்லதான் இருக்காங்க."

நன்றி ஐயா. பாலத்தைக் கடக்கப் பத்து நிமிடம் போதும். கூட்டம் கலையும் முன்பே இறங்கிப்போகும் இந்தக் கிழவியைத் தலைவர் மன்னிக்க வேண்டும். பொறுமையோடு கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. எதை வாங்குவது என்று கேட்ட தம்பிக்கும் நன்றி. எல்லோருக்கும் வணக்கம். வலிக்கவில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும், வழி விடுங்கள்.