யார் கைத்தையல்?

மூன்றாவதோடு பள்ளியை விட்டு, சொந்தமாக ஷூ கம்பெனி வைத்தவன் நான். தையல் பேச்சு எங்கே கேட்டாலும் காது தானாகப் போய்விடும். ஆம்பூர் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"என் கைத்தையல் சூப்பராம்க்கா. திங்கக்கெழம கம்பெனிக்கு வந்து மத்தவங்களுக்குக் கத்துக்குடுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

"நல்லதுதானே, இன்னாடி மூஞ்சி இப்படி?"

"சைடு வருமானத்துக்கு நான் வீட்டுக்கு எடுத்துனு வர்ற ஷூவெல்லாம் தைக்கிறது எங்க வீட்டுக்காரர்தான்க்கா."

"ஐயோ! அப்ப அவரையே அனுப்பேன்."

"இது பொம்பளைங்க வேலயாம், தோஸ்துங்களுக்குத் தெரிஞ்சா மானம் போய்டுமாம். கதவ சாத்திக்கினுதான் தைப்பாரு."

"இப்ப இன்னா பண்ணுவ?"

"ரெண்டு நாளா அவர்கிட்டதான் கத்துக்குறேன். நான் ஊசி புடிக்கிறதப் பாத்துட்டு, 'என் பேரக் கெடுத்துடாதடி'ன்னு கெஞ்சுறாருக்கா."