மூணாம் பரிசு ஒரு ஜோடி டயர்

...அந்த ரெண்டு பேரும் போனா போகட்டும் விடு! எதுக்கு அவளுங்க பின்னாடி மூச்சு தெறிக்க மிதிக்கற? இதுதான் கடைசிச் சுத்து. சாரம் இப்பதான் தாண்டியிருக்கோம். இன்னும் முத்தியால்பேட்டை இருக்கு, பீச் ரோடு இருக்கு, அப்புறந்தான் ரேஸ் முடியற உப்பளம். இங்கயே மூச்ச செலவழிச்சுட்டா அங்க போயி யாருகிட்ட கைமாத்து வாங்குவ?

மொத பரிசு என்னா? கப்பு. ரெண்டாவது? அதவிடச் சின்னக் கப்பு. அந்தக் கப்ப வச்சு ரசமா வைக்கறது? மூணாவது பரிசுதாம்மா பரிசு. ஒரு ஜோடி டயரு! ரேஸ் சைக்கிள் டயரு, புத்தம் புதுசு! மேடையில வச்சிருந்தாங்களே, பாத்தியா? நான் கிட்டப் போயி தொட்டே பாத்துட்டேன். மோந்துகூடப் பாத்தேன், சிரிக்காத. பொம்பளைங்க ரேஸுக்கு பிளாஸ்டிக் டப்பா செட்டு குடுக்காம டயர் குடுக்கணும்னு எந்த மகராசனுக்குத் தோணுச்சோ, அவன் நல்லா இருக்கட்டும். அதனாலதான் அவளுங்க ரெண்டு பேரும் கெளம்பறப்ப நான் பேசாம விட்டேன். பின்னாடியே போயிருக்கலாம், கால்ல தெம்பு இருந்துச்சு. வேணும்னுதான் விட்டேன்.

என்னா? ஆன்ட்டியா? தோ பாரு, ஆன்ட்டின்னு கூப்ட்டா எனக்கு அந்தக் காது கேக்காது. அக்கான்னு சொல்லு. செந்தமிழ்ச்செல்வி. இம்மாம் நீளம் வாயில நுழையலன்னு கான்வென்ட்ல மசேருங்க, அதான் கன்னியாஸ்திரிங்க, ஒன்னாங்கிளாஸ்லயே என்ன ‘செல்லி’ன்னு வெட்டி வுட்டுட்டாங்க. உன் பேரு சிந்துஜா, தெரியும். முதுகுல நம்பருக்குக் கீழ போட்டிருக்கே. மூணு சுத்தா அதத்தானே பாத்துகிட்டு வரேன், மனப்பாடமே ஆயிடுச்சு.

நானா? நான் முன்னாடி வரணுமா? வரலாம்... வரலாந்தான். இல்லங்கல. ஆனா நான் பெரியவ இல்ல? முட்டி வேற அப்பப்ப மக்கர் பண்ணும். நீ சின்னப்புள்ள, நீ காத்த வெட்டிகிட்டுப் போ, நான் ஒட்டிகிட்டு வரேன். முன்னாடி போறவளுக்குத்தான் காத்து மூஞ்சில அறையும். பின்னாடி வர்றவளுக்கு பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்தாப்பல... பள்ளம்! எடது பக்கம் பள்ளம்! பாத்தியா? உள்ளூர்க்காரி பின்னாடி இருக்கறது உனக்குத்தான் நல்லது.

பேசாத, பேசாத. உனக்கு மூச்சு வாங்குது. நான் பேசறேன், நீ மிதி.

உன் சைக்கிள் என்னா வெல? வேணாம், சொல்லாத. சொன்னா இங்கயே வுழுந்துடுவேன். என்னுது எப்பிடி வந்துச்சு தெரியுமா? எங்க தெருவுல குடியிருந்த பிரான்ஸுக்காரரு ஒருத்தரு, ஊருக்குத் திரும்பறப்ப சாமானெல்லாம் வித்துட்டுப் போனாரு. எங்கூட்டுக்காரருக்கு அப்பதான் சர்க்கரைன்னு சொல்லியிருந்தாங்க. தெனம் ஒடம்ப அசைக்கச் சொன்னாரு டாக்டரு. சரி, வாங்கலாம்னாரு. வாங்கினாரு. ரெண்டே நாளு ஓட்டினாரு. மூணாம் நாளு பாக்கறேன், ஹேண்டில் பார்ல பனியன் காயுது! அந்த வளைஞ்ச ஹேண்டில் பாரு துணி காயவைக்க எவ்ளோ வசதியா இருக்கு செல்விங்கறாரு! நான் என்னா சொல்ல?

அப்புறம் ஒரு நாளு ஸ்கூட்டி கெளம்பல. பெரிய மார்க்கெட்டுக்குப் போவணும். பனியன உருவிப் போட்டுட்டு அதுலயே போயிட்டேன். திரும்பறப்ப பீச் ரோடு பக்கமா வரேன், ஹேண்டில் பார்ல கீரப்பை ஆடுது. முன்னாடி கிளப்பு ஆளுங்க ஒரு கூட்டம், கலர் கலரா, டப்பாவுல அடைச்ச மிட்டாய் மாதிரி. வெயில் ஏறுது, கீர வாடிடும். ‘கொஞ்சம் வழி விடுங்கப்பா’ன்னு மணி அடிச்சுட்டுத் தாண்டிப் போயிட்டேன். அவ்ளோதாம்மா நடந்துது! அதுல ஒருத்தர், கமலக்கண்ணன்னு, தொரத்திகிட்டே வந்து வூட்டு வாசல்ல மறிச்சு, ‘மேடம், நீங்க ரேஸ்ல எறங்கணும்’ங்கறாரு. நான் கீரைய ஆயறதா அவருக்குப் பதில் சொல்றதா?

அங்கம்மா! ஏ அங்கம்மா! தோ, இங்க! வஞ்சிரம் ஒரு துண்டு எடுத்து வை! முடிச்சுட்டு வந்து வாங்கிக்கறேன்! ...என்னாது? போ, போ, அந்த வெலக்கு நான் கப்பலே வாங்குவேன்! ...பாத்தியா சிந்துஜா, ரேஸ்ல போறவகிட்டகூட வெலய ஏத்திச் சொல்றா. வூட்ல வஞ்சிரம் இல்லாம ஞாயித்துக்கெழம விடியாது. பொண்டாட்டி சைக்கிள்ல போனா என்னா, ஆகாசத்துல போனா என்னா.

எங்க வுட்டேன்? ஆங், கமலக்கண்ணன். ரேஸுக்கு எறங்கறதுன்னா இன்னின்ன வேணும்னு ஒப்பிக்க ஆரம்பிச்சாரு பாரு... பெடல்ல பூட்டிக்கற ஷூ, மெத்த வச்ச டவுசரு, இதயத் துடிப்பு காட்டற வாட்சு, கறுப்புக் கண்ணாடி. பொண்ணக் கட்டிக் குடுக்கற மாதிரி சீர்வரிசை! நான் சொன்னேன், இதெல்லாம் வாங்கினா ரேஸ் முடிஞ்சு திரும்பிப் போவ வூடு இருக்காது, ரோட்லயேதான் இருக்கணும்னேன்.

மெத்த டவுசருக்கு என்னா பண்ணேன் தெரியுமா? பழைய சோபா ஸ்பாஞ்ச வெட்டி லெக்கின்ஸ்ல வச்சுத் தச்சுட்டேன். மசேர் மேரி மாக்தலேன் ஆறு வருஷம் தையல் கத்துக்குடுத்தது இதுக்குத்தான்னு அவங்களுக்கே தெரியாது, பாவம். நல்லாத்தான் இருந்துச்சு. மழை வர்ற வரைக்கும். ஒரு நாளு மழையில மாட்டிகிட்டு, நேரா கமலக்கண்ணன் வூட்டுக்குப் போயிட்டோம், கிளப்பு ஆளுங்க எல்லாரும். அவரு சம்சாரம் ‘உக்காருங்க’ன்னு புது நாற்காலி போட்டாங்க. உக்காந்தேன். எந்திரிச்சேன். அந்த நாற்காலிக்கடியில கொளமே வெட்டியிருந்துச்சும்மா! அந்தம்மா இன்னைக்கு வரைக்கும் என்ன நிக்க வச்சுத்தான் பேசறாங்க.

சிரிக்காத, சிரிச்சா இன்னும் மூச்சு வாங்கும்.

ஹெல்மெட்டு எம்புள்ளையோடது, ஸ்கேட்டிங் கிளாஸுக்கு வாங்குனது. பின்னாடி கரடி பொம்ம ஒட்டியிருக்கு, சொரண்டினா பெயின்ட்டும் சேந்து வருது, விட்டுட்டேன். அப்புறம் ரேஸ் நடுவுல தெம்புக்குத் திங்க ஜெல்லுன்னு ஒன்னு. ஷாம்பு பாக்கெட்ட கடிச்சு உறிஞ்சற மாதிரி. எனக்கு கடல மிட்டாய் போதும், வேணுமா? இந்தா, கைய நீட்டு... ஆங். மெதுவா மெல்லு.

இந்த ஆம்பளைங்க இருக்காங்களே, சைக்கிள்ல நூறு கிராம் கொறைக்க ஒரு மாசச் சம்பளத்தக் கொட்றாங்க. இடுப்புல தொங்கறத கொறைக்கறதுக்குக் காசே வேணாம், பரோட்டாவ நிறுத்தினா போதும். சொன்னேன். கோச்சுகிட்டாங்க.

எல்லாத்தயும் தச்சுடலாம், ஒட்டிடலாம், எரவல் வாங்கிடலாம். டயர மட்டும் ஒன்னும் பண்ண முடியல சிந்துஜா. பின் டயரு நூல் தெரியுது. பஞ்சர் கட காசிலிங்கம் பாத்துட்டு, ‘இத்த ஓட்டாதக்கா, மாட்டி வச்சு கும்பிடு’ங்கறான். வூட்ல கேட்டேன். பனியன் காயவைக்கத்தானே வாங்குனோம், அதுக்கு எதுக்குப் புது டயருங்கறாரு. ‘அவ்ளோ பெரிய ரேஸுக்காரியா இருந்தா ஜெயிச்சு மாட்டிக்க. இல்லன்னா நாளைக்குப் பரண்மேல ஏத்திடறேன்’னாரு. ஏத்திடுவாரு. அதுக்கு மட்டும் சர்க்கரை, முட்டி எதுவும் தடுக்காது. அடுத்த மாசம் திண்டிவனம் போயிட்டு வர்ற பெரிய ரேஸ் இருக்கு. இந்த டயரோட போனா பாதியில லாரியிலதான் திரும்பணும்.

எனக்கு இது வேணும் சிந்துஜா. வூட்ல நான் வாயத் தொறந்தா டிவி சத்தத்த ஏத்தறாங்க. இங்க பாரு, நீ எவ்ளோ அழகா கேட்டுகிட்டு வர்ற!

வந்துடுச்சு, பீச் ரோடு. காத்த பாத்தியா, கெளம்பிடுச்சு. காந்தி சிலைகிட்ட ஃபோட்டோ எடுக்கறாங்க, நீ சிரிக்காத, நேரா போ. நான் இப்பிடி வலது கைப் பக்கமா ஒட்டி வரேன். ...எதுக்கா? ரகசியம் பேசறதுக்குன்னு வச்சுக்கயேன். கடல் எடது பக்கம், காத்தும் எடது பக்கம். நடுவுல நீ. மதில் மாதிரி நிக்கற கண்ணு, நல்லா இருப்ப.

ஐயோ, திட்டறியா? திட்டு, திட்டு. உன் வயசுல எனக்கு யாரும் சொல்லித் தரல. தெனம் கீர வாங்கப் போயி, எந்தத் தெருவுல எந்த நேரம் காத்து எங்கேர்ந்து வருதுன்னு நானா கத்துகிட்டது.

மேரி கட்டடம், அதான் முனிசிபாலிட்டி ஆபீசு, தாண்டியாச்சு. கிட்ட வந்துட்டோம்.

என்னா கேட்ட? ...காலைலேர்ந்து ரெண்டு வார்த்தைக்கு மேல பேசாத புள்ள, மொத மொத ரேஸ பத்தி ஒரு கேள்வி கேக்கற, அதயும் நல்ல கேள்வியா கேக்கற! எந்த எடத்துல வேகம் எடுக்கணும்னா? அது... கோட்டுக்குக் கிட்டப் போயித்தான் எடுக்கணும்னு எல்லாரும் நெனைக்கறாங்க பாரு, அதுதான் தப்பு. அங்க எடுத்தா எல்லாரும் எடுப்பாங்க. தோ, டூப்ளே சிலை தெரியுது பாரு? அதத் தாண்டி வலது கை திரும்புது இல்ல ரோடு? திரும்புன ஒடனே இதே காத்து முதுகுக்கு வந்துடும். பாய் கட்டுன மாதிரி தள்ளும். அந்தத் திருப்பத்துலயே கியர ஏத்தி, எந்திரிச்சு நின்னு மிதிச்சா போதும். பின்னாடி இருக்கறவளுக்கு என்னா நடக்குதுன்னு புரியறதுக்குள்ள நாம உப்பளத்துல இருப்போம். மொத சுத்துலயே அளந்து வச்சுட்டேன். இத யாருகிட்டயும் நான் சொன்னதே...

ஏன் கேட்ட?

...சொம்மாவா? சரி. சொம்மாதானே.

சிந்துஜா, நீ ஏன் கியர் மாத்தற? திருப்பம் வருது, மெதுவா... மெதுவான்னு சொல்றேன் இல்ல... ஏய்! எந்திரிக்காத! உக்காரு! அடியே, உக்காருடி!

போறா பாரு! போறாளே! அடிப்பாவி, உனக்கெதுக்குடி டயரு? உன் டயர்ல ஒட்டுன ஸ்டிக்கரே இன்னும் உரியல! மூச்சு வாங்குதுன்னு பரிதாபப்பட்டு மிட்டாய் குடுத்தேனே! என் மிட்டாயத் தின்னுட்டு, என் காத்துல, என் திருப்பத்துல...

நல்லா வேணும். நல்லா வேணும் எனக்கு. முட்டி வலின்னு பொய் சொல்லி ரேஸ் பூரா அவ முதுகுல ஒளிஞ்சுகிட்டு வந்து, இதே எடத்துல அவள அம்போன்னு விட்டுட்டு ஓடணும்னு இருந்தவ நான். கேட்ட ஒடனே வெத்தல பாக்கு வச்சு சொல்லிக் குடுத்துட்டேன். இந்த வாய...

தோ, திரும்பறா... அகலமாத் திரும்பறா. அவ்ளோ அகலமாவா திரும்புவாங்க? உள்ள ஒட்டித் திரும்பணும்டி, சாக்கட மூடிய ஒட்டி! அத நீ கேக்கலயே! அத நான் சொல்லலயே!

கெடக்குது. எட்டற தூரந்தான். யப்பா, வருது, வருது காத்து, முதுகுலதான் வருது...

இரு. பேசினா மூச்சு போவுது.