ஆறாம் மாடிக் குழாயில் காற்று

எனக்குத் தண்ணீர் சொட்டும் சத்தம் பிடிக்கும், ஐயா. சிலருக்கு அது எரிச்சல். எனக்கு அதைக் கேட்டால் மனசு நிம்மதியாகிவிடும்.

எங்கள் ஆறு மாடிக் குடியிருப்புக்கு நான்தான் நிர்வாகி. பதினோரு வருஷமாகப் போட்டியின்றித் தேர்வாகிறேன், வேறு யாருக்கும் இந்த வேலை வேண்டாம் என்பதால். வீடுகளுக்குச் சூடு அனுப்ப அடித்தளத்தில் இருந்த பழைய பாய்லர், எரித்த வாயுவில் பாதிச் சூட்டைப் புகைபோக்கி வழியாகச் சுச்சாவா நகரத்துக் காக்காய்களுக்குத் தானம் செய்துகொண்டிருந்தது. புதியது அப்படியில்லை. புகையில் இருக்கும் நீராவியைப் பிடித்துத் தண்ணீராக்கி, அந்தச் சூட்டையும் கறந்துவிடும். அந்தத் தண்ணீர்தான் சொட்டுவது. குழாயைச் சாக்கடையில் விடச் சொன்னார்கள். நான் வாளி வைத்தேன். தினமும் அளந்து குறிப்பேட்டில் எழுதினேன்.

ஒரே ஒரு சங்கடம். வீடுகளைச் சுற்றித் திரும்பும் தண்ணீர் நன்றாக ஆறி வந்தால்தான் பாய்லர் சொட்டும். அறைகளில் சுவரோரம் வெந்நீர் ஓடும் எங்கள் ரேடியேட்டர்களோ பழைய வார்ப்பிரும்பு. கொதிக்கக் கொதிக்க அனுப்பினால்தான் கடுங்குளிரில் அறை சூடாகும். பொருத்த வந்த மீரெல் சொன்னான், "குளிர் முத்திப்போச்சுன்னா சூட்டை ஏத்தி விட்டுருங்கண்ணே. அன்னிக்குச் சொட்டாது, அதனால ஒண்ணும் குடி முழுகிடாது." அவனுக்கென்ன, பொருத்திவிட்டுப் போய்விடுவான்.

ஆறாம் மாடியில் சாண்டு பெஜெனாரு, ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், தனியாள். வெந்நீர்க் குழாயின் கடைசி முனை அவர் வீடு. பக்கத்து வீட்டுக்காரர்கள் இத்தாலியில் வேலை பார்க்கிறார்கள். நவம்பர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து கேட்டார், "ஏன்டா ஒவிடியு, குளிர்ல எங்களுக்குத்தான் சளி பிடிக்கும். உன் பாய்லருக்கே மூக்கு ஒழுகுதே, அதுக்கு யாருடா கம்பளி போத்துறது?" முப்பது பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதையும் மனதில் வைத்துக்கொள்ளும் ஆள் நான் இல்லை. அன்று தேதி பதினான்கு, மணி மாலை ஆறு இருபது.

டிசம்பரில் மின்சார ஹீட்டர்களுக்குத் தடை போட்டேன். தீப்பிடிக்கும் ஆபத்து பாருங்கள். கட்டடத்தில் ஹீட்டர் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்பது தற்செயல். நானே தூக்கிவந்து அடித்தளத்தில் பூட்டிவைத்தேன். ரசீது கொடுத்திருக்கிறேன், அவர் கையெழுத்தும் இருக்கிறது.

புத்தாண்டுக்கு மறுநாள் பனியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டோடு அவரை மேலே கொண்டுபோய் விட்ட அன்று லிஃப்ட் ஓடியது. அடுத்த நாள் நின்றுவிட்டது. அதில் என் பங்கு எதுவும் இல்லை. சரிசெய்ய ஆளைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அவர் போனிலிருந்து எனக்குப் பதினேழு அழைப்பு என்கிறீர்கள். புகாரை எழுத்தில் தர வேண்டும் என்பது விதி. பெட்டி கீழே வாசலில் இருக்கிறது. வேறு யாரையும் அவர் கூப்பிடவில்லை என்கிறீர்கள். நான் எடுப்பேன் என்று நம்பியிருக்கிறார், பாவம்.

ஜனவரி ஆறாம் தேதி குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்று. மீரெல் சூட்டை ஏற்றச் சொல்லியிருந்தான். நான் இன்னும் கொஞ்சம் இறக்கினேன். கீழ்மாடிக்காரர்கள் இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டார்கள். வாளி நிரம்பி வழிந்தது. அப்படி ஒரு அழகை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் சூடு வராவிட்டால் கரண்டியால் ரேடியேட்டரைத் தட்டுவோம். குழாய் வழியாக அடித்தளம் வரைக்கும் கேட்கும். குழாயில் காற்று அடைத்தாலும் தட்டுவது போலத்தான் கேட்கும். எட்டாம் தேதி, இரண்டாம் மாடி லெனூட்சா அக்கா முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுருட்டி வேகவைத்த சர்மாலே ஒரு தட்டு எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"இந்தாப்பா, ஆறிடறதுக்குள்ள சாப்பிடு. ஆமா, மேல சாண்டு அண்ணே ரெண்டு நாளா தட்டிக்கிட்டே இருக்காரே, என்னன்னு பாக்கக் கூடாதா?"

"அது காத்துக்கா. புது பாய்லர்னா அப்படித்தான்."

"காத்து எங்கயாவது மூணு மூணா தட்டுமாடா?"

"அவரு தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாருக்கா. நானேதான் டாக்ஸி ஏத்திவிட்டேன்."

அக்காவுக்கு முட்டிவலி. நாலு மாடி வீணாக ஏற வேண்டாமே என்றுதான் சொன்னேன். இரக்கம் இல்லாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. சர்மாலேயும் நன்றாக இருந்தது.

தட்டுவது அன்று மதியத்துக்கு மேல் இரண்டு இரண்டாகக் குறைந்தது. பிறகு ஒன்று, நீண்ட இடைவெளி விட்டு இன்னொன்று. நான் வாளிப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அது கரண்டி என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். மூன்று மூன்றாகத் தட்டும்போது மூன்றாவது எப்போதும் கொஞ்சம் மெதுவாக விழும், ஐயா. பழைய பாய்லர் காலத்திலும் அவர் அப்படித்தான் தட்டுவார்.

குறிப்பேடு உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒன்பதாம் தேதியைத் திருப்பிப் பாருங்கள், என் கையெழுத்துதான், ஒரு எழுத்தும் நடுங்கவில்லை. "வாளி நான்கு முறை நிரம்பியது. ஆறாம் மாடிக் குழாயில் இருந்த காற்று முழுவதும் வெளியேறிவிட்டது. புகார் எதுவும் இல்லை."