இரவல் சைக்கிளின் பின் ஷாக்

வேம்புலி: அதே மாடலயே திரும்ப வாங்காத மச்சான். காத்தடிக்கிற ஷாக் அப்சார்பரே வேணாம். ஸ்பிரிங் ஷாக்கா போட்டுடு.

லோகேஷ்: ஸ்பிரிங்குன்னா ஓட்டறவன் வெயிட்டுக்குத் தகுந்த மாதிரி பாத்து எடுக்கணும்டா.

வேம்புலி: உன் வெயிட்டுக்கு லாரி ஸ்பிரிங்குதான் கெடைக்கும்.

லோகேஷ்: அதில்லாம அது கனம். ஏத்தத்துல மூச்சு வாங்கும்.

வேம்புலி: ஆவடியில இன்னாடா ஏத்தம்? மேம்பாலம் ஒண்ணு கீது. அதையும் நீ எறங்கி தள்ளிகினுதான் வர்ற.

லோகேஷ்: ஒரே ஒரு வாட்டி தள்ளினேன். அன்னிக்கு கால் புடிச்சிகிச்சி.

வேம்புலி: சரி சரி… ஆமா, இந்த பயசு, கழட்டி வெச்ச ஷாக்கு, எப்டி போச்சுன்ற?

லோகேஷ்: அதுவா தேஞ்சிருக்கும். மூணு வருசம் ஆவுதுல்ல…

வேம்புலி: ஆமா ஆமா. தேஞ்சிதான் போயிருக்கும். செல்போன காட்டு. இந்த ஷாக்குக்கு இன்னா ரெண்டு நம்பர் போட்டு கீறான்?

லோகேஷ்: மொத நம்பரு, இந்த போல்ட்டுலேந்து அந்த போல்ட்டு வரைக்கும் நீளம். ரெண்டாவது, எவ்ளோ அமுங்கும்னு. ரெண்டும் நம்ம ஃபிரேமுக்கு ஒத்து வரணும். மாத்தி வாங்கினா பின் டயரு சீட்டுல போய் இடிக்கும்.

வேம்புலி: லிஸ்ட்டுல கீய ஒண்ணு கீதே, தனியா சின்ன டப்பா வெச்சது… அது ஒத்து வருதா?

லோகேஷ்: வருது. அந்த டப்பாவுல எண்ணெ கூட கொஞ்சம் இருக்கும். எவ்ளோ குதிச்சாலும் சீக்கிரம் சூடாவாது. ஆனா வெல ஜாஸ்தி.

வேம்புலி: அதயே போடு.

லோகேஷ்: பயசு மாதிரி ஒண்ணு போதும்டா. நான் இன்னா மலையிலேந்தா குதிக்கப் போறேன்?

வேம்புலி: நல்லதா போடுன்றேன். பாதி நான் தர்றேன்.

லோகேஷ்: …நீ எதுக்கு?

வேம்புலி: உன் பொறந்த நாளுக்குன்னு வெச்சிக்கோ.

லோகேஷ்: அது மார்கழியில வருது. இப்போ ஆடி.

வேம்புலி: முன்னாடியே குடுத்தா வாங்க மாட்டியா?

லோகேஷ்: ஆமா, உன் சைக்கிள் எங்க? ஷேர் ஆட்டோவுல வந்து எறங்கற…

வேம்புலி: அது… செயின் லூசா கீதுன்னு மேனாம்பேட்டு மெக்கானிக்காண்ட உட்டு கீறேன்.

லோகேஷ்: ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்துடும்ல? திருநின்றவூர் ஏரிக்கர போவணும்.

வேம்புலி: ஏரிக்கர வேணாம் மச்சான். வேற எங்கனா போலாம்.

லோகேஷ்: அந்தக் கரைய உட்டா ஓட்ட எடமே இல்லன்னு சொல்றவனே நீதானடா?

வேம்புலி: ஒரே பள்ளமா கீது… நீ போன பாரு. எந்த கலரு?

கிருஷ்ணப்பிரியா: ஏங்க, டீய கீழயே எடுத்துட்டு வந்துட்டேன். பார்க்கிங்ல உக்காந்துட்டா உங்க ரெண்டு பேருக்கும் வீடு ஞாபகமே வராது. அண்ணா, நாகம்மா அண்ணி நல்லா இருக்காங்களா?

வேம்புலி: நல்லா கீதும்மா. உன்ன ஒரு நாளு ஊட்டாண்ட வர சொல்லிச்சி.

கிருஷ்ணப்பிரியா: வரேன்ணா. எந்த ஷாக்குன்னு முடிவாச்சா?

லோகேஷ்: பாத்துகினு கீறோம். நீ மேல போ பிரியா, நான் வர்றேன்.

கிருஷ்ணப்பிரியா: இருங்க, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன். அண்ணா, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. யார் கையில இருந்தாலும் உடையிற பொருள்தான். முதல்ல எனக்கும் கோவம் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். இவர்தான், "வேம்புலி வேணும்னேவா உடைச்சான், அவன்கிட்ட கேட்டுடாத, கூனிக் குறுகிப் போயிடுவான்"னு சொன்னார்.

லோகேஷ்: பிரியா…

கிருஷ்ணப்பிரியா: நான் ஒண்ணும் கேக்கலையே, ஆறுதல்தானே சொன்னேன். இவரே உடைச்சிருந்தா புதுசு வாங்க விட்டிருக்கவே மாட்டேன் அண்ணா. உங்க கையில ஆனதுன்னா அது வேற. டீ ஆறுது, குடிங்க. நான் மேல போறேன்.

லோகேஷ்: …அவ கெடக்கறா. டீ குடி.

வேம்புலி: உனக்குத் தெரியுமா?

லோகேஷ்: அத்த உடு வேம்புலி…

வேம்புலி: தெரிஞ்சிகினே கேக்காம இருந்திருக்க. தேஞ்சி போச்சுன்னு எனக்காக நீ பொய் சொல்ற, நானும் ஆமா ஆமான்றேன்… த்தூ.

லோகேஷ்: அப்டி இல்லடா, நான்…

வேம்புலி: இரு, நானே சொல்லிடறேன். ஏரிக்கரையில எறங்கசொல்லோ டங்குனு ஒரு சத்தம். பின்னாடி அப்டியே குந்திகிச்சி. பாத்தா ஷாக்கு மேல எண்ணெ வழியுது. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. ஊட்டாண்ட இஸ்த்துகினு வந்து கரித்துணியால தொடச்சேன். பம்ப்புல காத்தடிச்சி நிக்க வெச்சி, ஒண்ணுமே நடக்காத மாதிரி உன் கையில குடுத்தேன். "எப்டி கீது வண்டி"ன்னு கேட்ட. "சூப்பரா கீது மச்சான்"னேன். அன்னிலேந்து சோறு எறங்கல.

லோகேஷ்: போதும்டா.

வேம்புலி: யாரையும் தொட உடமாட்ட அத்த. உன் மச்சினன் கேட்டே குடுக்கல. நான் கேக்கவே இல்ல, நீயா போன் பண்ணி, "வந்து எடுத்துகினு போ, ரெண்டு நாளு ஓட்டு"ன்ன. நம்பி குடுத்தான் பாருன்னு நாகம்மாவாண்ட சொல்லி சொல்லி மாஞ்சேன். அப்டியாப்பட்டவனாண்டயே பொய் சொல்லிட்டேன்ல… அதான் தாங்கல. உடைஞ்சது கூட பெருசில்ல. இந்தா, புடி.

லோகேஷ்: பாக்கெட்டுல வையி அத்த.

வேம்புலி: புடிடா. என் சைக்கிள வித்த துட்டு.

லோகேஷ்: …செயின் லூசுன்ன?

வேம்புலி: அதுவும் பொய்தான். மண்ணூர்பேட்டையில எங்க கம்பெனி வாட்ச்மேனுக்கு குடுத்துட்டேன். எனக்கு ஓட்ட மனசே வரல. நீ வாங்கிக்கலன்னா நான் இனிமே இந்தப் பக்கம் தல காட்ட மாட்டேன்.

லோகேஷ்: வேம்புலி… என் மூஞ்சிய பாக்காத. அந்தப் பக்கம் பாத்துகினு கேளு.

வேம்புலி: இன்னாடா, கண்ணு கலங்குற?

லோகேஷ்: அது ஏரிக்கரையில ஒடையல. தோ, இந்த ஃப்ளாட்டு படிக்கட்டுல, பசங்க முன்னாடி சீன் போட்டு குதிச்சேன்… அப்பவே போச்சு. பிரியாவாண்ட கை காட்டறதுக்கு ஒரு ஆளு வேணும்னு இருந்திச்சி. நீ எண்ணெய தொடச்சியே… அதுக்கு மொத நாளே நானும் தொடச்சி, காத்தடிச்சி நிக்க வெச்சிட்டுதான் மச்சான் உனக்கு போன் பண்ணேன்.