அத்தை வாங்குற நெல்லிக்காய்

உக்காருங்க பெரியம்மா, அத்தை வெத்தல வாங்கத்தான் போயிருக்கு, வந்துடும். வலங்கைமான்லேர்ந்து ரெண்டு பஸ்சு மாறி வந்திருக்கீங்க. நான்தான் மூத்தவ. ஏன் முழிக்கிறீங்க? ஒங்க பொண்ணு வந்துட்டா நான் மூத்தவதானே.

அதுவா, நெல்லிக்கா. எனக்காக வாங்குனது. வயித்துல ஒரு புள்ள தங்கலன்னு அத்தை கொய்யா, தக்காளி, முருங்கக்கீரைன்னு வாங்கிப் போடும். நல்ல மனசுதான். நான் திங்கறதில்ல. அதுக்குத் தெரியாம அவரு தூக்குச்சட்டியில வெச்சு அனுப்பிடுவேன்.

பட்டறையிலதான் இருக்காரு. பழைய பேட்டரிய ஒடச்சு ஈயம் உருக்குவாங்கல்ல, ஒரத்தநாடு ரோட்டுல, இளையபெருமாள் பட்டறை. நாள் முழுக்க அந்தப் பொகைதான். விட்டுத் தொலைங்கன்னு சொல்லிப் பாத்தாச்சு. நாங்க குத்தகைக்குப் பண்ற மூணு மா நெலத்துலேர்ந்து எங்கள எறக்கணும்னு நெலத்துக்காரங்க கேசு போட்டிருக்காங்க. வக்கீல் வெச்சு கோர்ட்டுல தடை வாங்கிக் குடுத்தது பட்டறை முதலாளி. கட்சிக்காரரு. எந்தக் கட்சி வந்தாலும் அவரு அந்தக் கட்சி. பட்டறைய விட்டோம்னா மறுநாளே வயல்ல அவங்க டிராக்டர் எறங்கிடும்.

டாக்டருகிட்ட காட்டாம இருப்பமா? தஞ்சாவூர்ல ரெண்டு பேருமா போய்க் காட்டுனோம். எனக்கு ஒரு கொறையும் இல்லியாம். அவரு ரத்தத்துல ஈயம் ஏறியிருக்காம், அது ஆம்பள அணுவக் கெடுத்துடுமாம். பழம், கீரை குடுத்தா கொஞ்சம் தாங்கும், ஆனா தெனம் ஈயத்த உள்ள விட்டுக்கிட்டு பழத்தக் குடுத்து என்னம்மா பிரயோஜனம்னாங்க டாக்டரம்மா.

திரும்பி வரப்ப பஸ்சுல அவரு, நீயே சொமந்துக்கடி, கொறை எனக்குன்னு வெளிய தெரிஞ்சா தல நிமிர்ந்து நடக்க முடியாதுன்னாரு. சரின்னுட்டேன். இப்ப அத்தை அவருக்கு ரெண்டாந்தாரமா ஒங்க பொண்ணப் பாத்திருக்கு. அவரால வேணாம்னும் சொல்ல முடியல, ஏன் வேணாங்கறதயும் சொல்ல முடியல. ராத்திரியெல்லாம் புரண்டுக்கிட்டு கெடக்காரு.

குடுக்கறதுன்னா குடுங்க பெரியம்மா, நான் தடுக்கல. நாளைக்கு அவளயும் இந்த ஊரு ஏன் இன்னும் புள்ள இல்லன்னு கேக்கும், அதுக்குத்தான் சொன்னேன். நான் சொன்னதா மட்டும் அவருக்குத் தெரிய வேணாம்.

கொஞ்சம் இருங்க. அவரு நேத்து பட்டறைக்குப் போட்டிருந்த சட்டைய ஊறப் போட்டுட்டு வந்துடறேன். மத்த துணியோட சேரக்கூடாது.